வாடிய கன்றும் காத்திருத்தலின் அறமும்

இடருற்ற உயிருக்கு உதவுதல் அறம் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. எப்பொழுது கை நீட்டுவது, எப்பொழுது கையை அடக்குவது என்பதிலேயே ஐயம் எழுகின்றது. இவ்வினாவை நூல்களிலே தேடுமுன் வீட்டுத் தோட்டத்திலே தேடிப் பார்ப்போமாக.

குளிர்நாடுகளில் ஓரிரவின் கடும்பனி தோட்டம் முழுவதையும் கருக்கிவிடும். நம் இலங்கையிலும், ஆறாயிரம் அடிக்கு மேல் உயர்ந்த நுவரெலியாவிலே, தை மாசி மாதங்களின் சில விடியல்களிற் புல்லின்மேல் உறைபனி வெண்மையாய்ப் படியும். வெயில் ஏறக் காய்கறிப் பயிரும் தேயிலைத் தளிரும் கருகித் தொங்கும். பண்ணைக் கடலுக்கு அப்பாலுள்ள மண்டைதீவில் உறைபனி இல்லை. ஆயினும் அதனையொத்த பகையொன்று உண்டு, அஃது உப்பு. தீவின் நன்னீர் நிலத்தடியில் உவர்நீரின்மேல் மெல்லிய படையாய் மிதந்து நிற்பது. புயல் நாளிற் கடற்றுளி இலைகளிற் படியும். சிலவேளை கடலே வேலி தாண்டிவரும். தனுஷ்கோடியை அழித்து வடவிலங்கைக் கரையையும் தாக்கிய 1964ஆம் ஆண்டு மார்கழிப் புயல், கடல் எவ்வளவு தூரம் வரவல்லது என்பதைக் காட்டிற்று.

இவ்விரு பகையும் கொல்லும் வழி பெரிதும் ஒன்றே. பனியில், இலையின் உயிரணுக்களுக்கு இடையிலுள்ள நீர் முதலில் உறைந்து, அணுக்களின் உள்ளிருக்கும் நீரை வெளியே ஈர்க்கின்றது. உப்போ மண்ணில் நின்று, நீரை வேரினுட் செல்லவொட்டாது தடுக்கின்றது. நீரின் நடுவே தாகத்தால் வாடுதல் இரண்டிற்கும் பொது.

மறுநாள் கருகிய தோட்டத்தைக் கண்டவன் மனம் பதைக்கின்றது. ஒருவன் கத்தியை எடுக்கின்றான். மற்றொருவன் உரத்தை அள்ளி இடுகின்றான். இரண்டும் பிழையே. எக்கொம்பு இறந்தது, எக்கொம்பு பிழைத்தது என்பது சில கிழமை சென்றே தெரியும். கருகிய இலை அதுவரை உட்குருத்துக்குப் போர்வையாகும். உரமும் ஒருவகை உப்பே. உவர்ந்த மண்ணில் அது நோயை மிகுவிக்கும். பனிநிலத்திலோ இளந்தளிரை முந்தி எழுப்பி, அடுத்த பனிக்கு இரையாக்கும்.

செய்யத்தக்கவை வேறு. இலையிற் படிந்த உப்பை நன்னீரால் உடனே கழுவுதல். உப்பு வேருக்குக் கீழே இறங்குமாறு ஆறுதலாக நீர் பாய்ச்சுதல். கிணற்றை ஒரேயடியாய் இறைத்து அடியிலுள்ள உவரை மேலெழச் செய்யாமை. கிடுகால் நிழல் செய்தல். பின்னர்ச் செவ்வரத்தை, தேசி, மாதுளை முதலியவற்றின் பட்டையை நுனியிலிருந்து நகத்தாற் சிறிது சுரண்டிப் பார்த்தல். ஈரப்பச்சை தோன்றின் உயிருண்டு. உலர்ந்து பழுப்பாயின் அவ்விடம் இறந்தது. வாழைக்கு இச்சோதனை பொருந்தாது. மேலெல்லாம் மடிந்தும் கிழங்கிலிருந்து குட்டி எழும். தென்னைக்கும் பனைக்கும் குருத்தே உயிர்நிலை; அதனையே பார்த்திருத்தல் வேண்டும்.

இங்கே ஒருவர், "பொறுமை என்பது சோம்பலுக்கு இட்ட நற்பெயர் அன்றோ?" என வினவலாம். அன்று. சோம்பன் தோட்டத்தைப் பாரான். பொறுமையுடையான் நாடோறும் பார்க்கின்றான். முறிந்து அழுகும் கொம்பை அவனும் உடனே நீக்குவான். அவன் கொள்ளும் நெறி யாதெனின், வெட்டாத கொம்பை நாளையும் வெட்டலாம்; வெட்டிய கொம்பை ஒட்டல் இயலாது. ஆதலின் மீட்க இயலாத செயலை ஐயம் தீருமளவும் நிறுத்துதலும், தீங்கற்ற உதவியை அன்றே செய்தலும் அறமாம்.

இதனினும் கடிய தடையொன்றுண்டு. கிணறு ஒன்று, கன்று பல. பட்டுப்போனதற்கு ஊற்றும் நீர் பிழைக்கக்கூடியதற்கு இல்லாமற் போகின்றதே எனின், அது மெய்யே. அதனாலேயே ஆராயாமல் ஊற்றுதலும் தகாது, ஆராயாமல் மறுத்தலும் தகாது. நகத்தளவு சோதனைக்குச் செலவு யாது? அதன்பின்னும் பச்சையும் குருத்தும் காணாத மரத்தைப் பிடுங்குதல் கொடுமையாகாது.

ஆசிரியராகிய நமக்கு இஃது அயலார் செய்தியன்று. 1990ஆம் ஆண்டிலே போரினால் மண்டைதீவு மக்கள் ஊர்விட்டுப் பெயர்ந்தனர். அவ்வாறு வீடிழந்தோ, பெற்றோரை இழந்தோ, பசித்தோ வந்து கடைவாங்கில் வாய்திறவாதிருக்கும் பிள்ளை எக்காலத்தும் உண்டு. "மந்தன்" என்று பதிவேட்டில் எழுதும் ஒரு சொல் கத்தியாகும். இழந்த பாடமெல்லாம் ஒரு மாதத்தில் ஏற்றுதல் உரமாகும். அருகிருத்தி, எளிய வினாவொன்றை நாடோறும் வினவி, எப்பொருளில் அவன் கண் மலர்கின்றது என்று காண்பதே நகத்தாற் பார்த்தலாம்.

ஆயின் உவமை ஓரிடத்தில் நின்றுவிடுகின்றது. பச்சை காணாத மரத்தைத் தோட்டக்காரன் பிடுங்கலாம். பிள்ளையிடத்துப் பச்சை காணாத ஆசிரியன், தான் இன்னும் பார்க்கவேண்டிய இடத்தைப் பார்க்கவில்லை என்றே கொள்ளக் கடவன். நமது நேரம் சிறிது, வகுப்புப் பெரிது என்பது உண்மையே. அந்நேரத்தை எவ்வாறு பங்கிடுவது என்பது ஒவ்வொரு நாளும் நாமே தீர்க்கவேண்டிய கணக்கு. பிடுங்கியெறிதல் மட்டும் அக்கணக்கில் இல்லை.