யாரை நம்பிக் கூரையை ஒப்படைப்பது?

வீட்டை அமைதி பெறும் இடமாக அல்லாஹுத் தஆலா தன் அடியார்களுக்கு ஆக்கித் தந்திருப்பதைத் திருக்குர்ஆன் (16:80) ஓர் அருட்கொடையாக எடுத்துரைக்கிறது. அந்த அருட்கொடையின் அருமை, தலைக்கு மேலிருந்த கூரை பறந்து போன இரவில்தான் நம்மில் பலருக்கும் விளங்குகிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தபோது முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பகுதி மக்கள் அந்த இரவைக் கண்டார்கள். கடலுக்கு வெகு தொலைவில், மலையடிவாரத்தில் இருக்கும் நம் கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டாரத்துக்கும் அது முற்றிலும் அந்நியமன்று. சித்திரை, வைகாசியில் கோடை மழையோடு வரும் சூறைக்காற்று வாழைத் தோட்டத்தைச் சாய்த்த கையோடு ஓட்டையும் தகரத்தையும் தூக்கி எறிந்துவிட்டுப் போவதுண்டு.

காற்று ஓய்ந்த மறுநாள் இன்னொரு சோதனை தொடங்குகிறது. ஊரில் உள்ள மேஸ்திரிக்கும் ஆசாரிக்கும் நாலாபுறமிருந்தும் அழைப்பு. வானமோ மறுபடி இருண்டு நிற்கிறது. வீட்டில் கைக்குழந்தையும் வயோதிகரும் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் ஒருவர் வாசலில் வந்து நின்று, 'பாதிப் பணம் இப்போதே கொடுங்கள், நாளைக்கே வேலையைத் தொடங்கி விடுகிறேன்' என்கிறார். பெயரும் நம் பெயராக இருக்கிறது, ஸலாமும் சொல்கிறார். அவரிடம் நாலு கேள்வி கேட்பது தீய எண்ணமாகிவிடுமோ என்று நாம் கூசுகிறோம். இங்கேதான் நாம் நின்று சிந்திக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். நம்புவது நற்குணம், விசாரிப்பதும் நற்குணமா, அல்லது நம்பிக்கைக் குறைவா?

மத்யன் நகரத்துப் பெரியவரின் மகள், மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்திக்கொள்ளும்படி தம் தந்தையிடம் கூறியதைத் திருக்குர்ஆன் (28:26) எடுத்துரைக்கிறது. கூலிக்கு அமர்த்தத் தகுந்தவரிடம் இருக்க வேண்டியவையாக அப்பெண்மணி இரண்டு தகுதிகளைச் சொன்னார்: ஒன்று வலிமை, மற்றொன்று நம்பகம். ஒன்று இருந்து மற்றொன்று இல்லாவிட்டால் காரியம் நிறைவேறாது. அன்றியும், அப்பெண்மணி கேள்விப்பட்டதை வைத்து அதைச் சொல்லவில்லை. கிணற்றடியில் கூட்டத்தின் நடுவே தம் ஆடுகளுக்கு அவர் நீர் புகட்டியதைக் கண்டார். தம்மோடு வழி நடந்தபோது அவர் காத்த கண்ணியத்தையும் கண்டார் என்று விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். ஆக, நம்பகம் என்பது கண்டறிந்து சொல்லும் சாட்சியமே அன்றி, முகத்தைப் பார்த்தவுடன் தோன்றும் எண்ணமன்று.

இதையே கலீபா உமர் (ரலி) அவர்களைப் பற்றிய ஓர் அறிவிப்பும் தெளிவாக்குகிறது. ஒருவரை நல்லவர் என்று மற்றொருவர் சாட்சி சொன்னபோது, உமர் (ரலி) அவர்கள் மூன்று செய்திகளைக் கேட்டார்கள். அவரோடு அண்டை வீட்டில் வசித்திருக்கிறீரா? அவரோடு பணம் கொடுத்து வாங்கியிருக்கிறீரா? அவரோடு பயணம் செய்திருக்கிறீரா? மூன்றுக்கும் இல்லை என்று பதில் வந்தபோது, அப்படியானால் நீர் அவரை அறியமாட்டீர் என்று கூறிவிட்டார்கள். கூரை வேலைக்கு ஆள் தேடுகிறவருக்கு இம்மூன்றும் இன்றும் பொருந்தும். அவர் எந்த ஊரார், அங்கே அவருக்கு நிலையான இருப்பிடம் உண்டா என்பது முதலாவது. வாங்கிய முன்பணத்துக்கு ஒழுங்காகக் கணக்குக் கொடுத்தாரா என்பது இரண்டாவது. அவர் வேய்ந்த கூரை ஒரு மழைக்காலத்தையும் ஓர் ஆடிக் காற்றையும் தாண்டி நிற்கிறதா என்பது மூன்றாவது. நேற்று முடித்த வேலையைக் காட்டினால் போதாது. மூன்று ஆண்டுக்கு முன் முடித்த வேலையைப் போய்ப் பார்க்க வேண்டும். அந்த வீட்டுக்காரரிடம் இரண்டு வார்த்தை பேச வேண்டும்.

நம்மவரா, பிறரா என்ற கேள்வியும் சிலருக்கு எழும். ஹிஜ்ரத்தின்போது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் அபூபக்கர் (ரலி) அவர்களும் வழிகாட்டியாகக் கூலிக்கு அமர்த்திய அப்துல்லாஹ் பின் உரைகித் அப்போது குறைஷிகளின் மார்க்கத்தில் இருந்தவர். தேடிப் பிடிப்போருக்கு நூறு ஒட்டகங்கள் பரிசு என்று மக்கத்துக் குறைஷியர் அறிவித்த வேளையில், தம் இரு ஒட்டகங்களையும் அவரிடமே ஒப்படைத்து, மூன்று இரவுகளுக்குப் பின் ஸவ்ர் குகைக்குக் கொண்டு வரச் சொன்னார்கள். அவரும் சொன்னபடி வந்தார். பாலைவனப் பாதையை அவர் நன்கு அறிந்திருந்தார்; அவரிடம் நாணயமும் இருந்தது. அந்த இரண்டையும்தான் நாயகம் (ஸல்) அவர்கள் பார்த்தார்கள். எனவே தொழுகைத் தழும்பைப் பார்த்துத் தொழில் தெரியும் என்று முடிவு கட்டுவதும் தவறு. வேற்றுச் சமயத்தவர் என்பதற்காக நாணயமான கைவினைஞரைத் தள்ளுவதும் தவறு.

'வலிமை' என்ற முதல் தகுதியைச் சற்று விரித்துப் பார்ப்போம். கூரைத் தொழிலில் வலிமை என்பது தொழிலறிவு. காற்று கூரையைக் கீழே அமுக்குகிறது என்றே பலரும் எண்ணுகிறார்கள். பெருங்காற்று கூரையின் மேல் பாயும்போது அதை மேல்நோக்கி இழுக்கிறது. ஓரங்களிலும் மூலைகளிலும் அந்த இழுப்பு மிக அதிகம். ஆகவே ஓரங்களில் போல்ட்டுகளை நெருக்கி முடுக்க வேண்டும். தகர ஷீட்டைச் சட்டத்தோடு கொக்கி போல்ட்டால் பிணைத்தால் போதாது. அந்தச் சட்டத்தையும் சுவரோடு இரும்புப் பட்டையால் கட்ட வேண்டும். நெளி ஷீட்டில் துளையை மேட்டில் இட வேண்டும்; பள்ளத்தில் இட்டால் மழை நீர் அதன் வழியே இறங்கும். பழைய கைமரத்தைக் கரையான் அரித்திருக்கிறதா என்று தட்டிப் பார்க்காமல் அதன்மேல் புது ஓடு ஏற்றலாகாது. உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை அறுப்பதும் நொறுக்குவதும் கூடாது. அதன் தூசி புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. இவற்றையெல்லாம் வேலைக்கு வருகிறவரிடம் கேட்டுப் பாருங்கள். தெரிந்தவர் பொறுமையாக விளக்குவார். தெரியாதவருக்குக் கோபம் வரும். மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அவரே பொறுப்பாளி என்பது நபிமொழி. தெரியாத தொழிலைத் தெரிந்ததாகக் காட்டிக் கூலி வாங்குகிற எவரும் இந்த எச்சரிக்கையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி, எழுதிக்கொள்வது நம்பிக்கைக் குறைவா என்ற கேள்விக்கு வருவோம். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282), தவணைக் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துச் சாட்சிகளையும் ஏற்படுத்திக்கொள்ளச் சொல்லும் வசனமாகும். அது ஈமான் கொண்டோரை விளித்தே பேசுகிறது. ஆதாரமின்றி ஒருவர்மேல் குற்றம் சுமத்துவதுதான் தீய எண்ணம். எழுத்து அதற்கு நேர்மாறானது. நாளைக்கு ஒருவரையொருவர் சந்தேகிக்க வேண்டிய நிலையே வராமல் அது காக்கிறது. எந்தச் சரக்கு, என்ன கனம், எத்தனை எண்ணம், கூலி எவ்வளவு, எப்போது முடியும், ஒழுகினால் எத்தனை மாதம் வரை தம் செலவில் சரி செய்வார் என்பவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிடட்டும். பணத்தை வேலை நடக்க நடக்கப் பகுதி பகுதியாகக் கொடுக்கட்டும். சரக்கை வீட்டுக்காரரே கடையில் வாங்கி ரசீது வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. அவசரத்தைக் காட்டி அன்றைக்கே முழுப் பணம் கேட்பவருக்கு ஒரே மறுமொழிதான்: முதலில் ஒரு தார்ப்பாயைக் கட்டி மழையைத் தடுத்துக்கொண்டு, இரண்டு நாள் விசாரித்துச் சொல்கிறோம்.

தொழில் செய்வோருக்கும் ஒரு வார்த்தை. சந்தையில் தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டபோது ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி காரணம் சொன்னார். மக்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று கண்டித்தார்கள். மழை அந்த வியாபாரியின் குற்றமன்று, மறைத்ததுதான் குற்றம். கூரை வேலையில் மறைப்பதற்கு இடம் ஏராளம். பழைய தகரத்துக்குச் சாயம் பூசலாம். நாலு போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டோடு நிறுத்தலாம். ஏணி வைத்து ஏறிப் பார்க்க முடியாத விதவைத் தாய் அதை எப்படி அறிவாள்? அவளுக்குத் தெரியாது, அல்லாஹ்வுக்குத் தெரியும். புயலைக் கண்டு சரக்கைப் பதுக்கி விலையேற்றுகிறவரும், பதுக்குபவன் பாவி என்ற நபிமொழியை நினைவில் கொள்ளட்டும்.

வீட்டுக்காரர் மேலும் பொறுப்பு உண்டு. வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் அறிவிப்பதை ஹதீஸ் குத்ஸீ கூறுகிறது. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. ஈரக் கூரையில் கயிறின்றி ஒருவரை ஏற்றுவதும், அடிமாட்டு விலைக்குப் பேசிவிட்டு நல்ல வேலையை எதிர்பார்ப்பதும் நீதியல்ல. ஜமாஅத்தின் நிவாரணப் பணத்தில் ஏழையின் கூரையைச் செப்பனிடும் பொறுப்பாளர்கள் இதில் இரு மடங்கு பேணுதலாக இருக்க வேண்டும். அது அவர்களுடைய பணமன்று, அமானிதம். உறவுக்காரர் என்பதற்காக வேலையைக் கொடுப்பது அந்த அமானிதத்தில் கை வைப்பதாகும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஏமாந்தவர் வெட்கத்தால் வாய் மூடிக்கொள்கிறார். அடுத்த தெருவில் இன்னொருவர் அதே ஆளிடம் ஏமாறுகிறார். ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள் தம்மைப் பெண் கேட்டவர்களைப் பற்றி ஆலோசனை கேட்டபோது, நாயகம் (ஸல்) அவர்கள் உள்ளதை மறைக்காமல் எடுத்துரைத்தார்கள். ஆலோசனை கேட்பவருக்கு உண்மையைச் சொல்லி எச்சரிப்பது தடுக்கப்பட்ட புறமாகாது என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் விளக்கியிருக்கிறார்கள். ஆனால் கண்டதை மட்டும் சொல்ல வேண்டும். கேட்டவரிடம் மட்டும் சொல்ல வேண்டும். நல்ல வேலை செய்தவரைப் பற்றியும் அதே அக்கறையோடு நாலு பேரிடம் சொல்ல வேண்டும். நியாயம் கிடைக்காதபோது, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடவும் வழியிருக்கிறது. அங்கேயும் கைகொடுப்பது எழுதி வைத்த அந்தத் தாளும் ரசீதும்தான்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டச் சொன்னார்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். விசாரிப்பதும் எழுதிக்கொள்வதும் ஒட்டகத்தைக் கட்டுவது. அதன்பின் காற்றும் மழையும் அவன் கையில். நம் வீடுகளை அமைதியின் இல்லங்களாகவும், நம் கைகளை அமானிதம் பேணும் கைகளாகவும் வல்ல அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.