தூர்ந்த படகுத்துறை

போன விடுமுறையில் இளைஞர் பிரிவு நண்பர்களோடு கெடா, பூஜாங் பள்ளத்தாக்குக்குப் போயிருந்தேன். சுங்கை பத்துவில், செம்பனை மரங்களுக்கு நடுவே செங்கல் வரிசைகள். "இதுதான் படகுத்துறை" என்றார்கள். கப்பல் வந்த ஆற்றைத் தேடினேன், காணோம். வண்டல் சேர்ந்து சேர்ந்து, கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது.

"ராஜேந்திர சோழன் ஜெயிச்ச கடாரம், அண்ணே!" என்று கூட வந்த தம்பி மார்தட்டினான். எனக்கும் பெருமைதான். ஆனால் 1025 படையெடுப்புக்குப் பிறகும் இந்தப் பள்ளத்தாக்கில் வணிகம் நடந்திருக்கிறது. பெங்காலான் பூஜாங்கில் கிடைத்த சீனப் பீங்கான் ஓடுகளே சாட்சி. போரைத் தாங்கிய வட்டாரம், கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்த மண்ணைத் தாங்கவில்லை.

2013இல் இங்கே பழைய கோயில் ஒன்றின் எச்சத்தை இடித்துவிட்டார்கள். அன்று கொதித்தேன். அதற்கு முன்னால் ஒரு தடவையாவது வந்து பார்த்தேனா? இல்லை. எட்டிக்கூடப் பார்க்காத ஒன்றை 'நம்மோடது' என்று சொல்ல எனக்கு என்ன உரிமை?

வீட்டுக்குத் திரும்பும்போது எங்கள் கோயில் தேவார வகுப்பு ஞாபகம் வந்தது. "அடுத்த வாரம் வரேன்"னு எத்தனை வாரம் சொல்லியிருப்பேன்! அதுவும் ஒரு பிடி மண்தானே? இந்த ஞாயிறு போகிறேன். நீங்களும் உங்க கோயில் வகுப்புக்குப் போங்க.