மிஞ்சிய 3.5

1964-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் ஹோம்டெல்லில், பெல் ஆய்வுக்கூடத்தின் கொம்பு வடிவ ஆன்டெனாவில் ஓர் இரைச்சல் பதிவானது. ஆர்னோ பென்சியாஸும் ராபர்ட் வில்சனும் வானில் எந்தப் பக்கம் திருப்பினாலும், பகலோ இரவோ, அது கூடவுமில்லை, குறையவுமில்லை. உள்ளே கூடுகட்டிய புறாக்களை அப்புறப்படுத்தி, எச்சத்தைச் சுரண்டித் துடைத்து, இணைப்புகளில் அலுமினிய நாடா ஒட்டிய பிறகும் வெப்பநிலைக் கணக்கில் ஏறத்தாழ 3.5 கெல்வின் மிஞ்சியது. பிரபஞ்சம் பிறந்து சுமார் 3,80,000 ஆண்டுகளில் புறப்பட்டு, 1,380 கோடி ஆண்டுகளாகப் பயணம் செய்துவரும் பேரொளியின் ஆறிய மிச்சம் அது என்ற விளக்கம், பிரின்ஸ்டனில் இருந்த ராபர்ட் டிக்கியின் குழுவிடமிருந்து வந்தது.

அந்த 3.5 என்னை விடுவதாக இல்லை. கருவிக் கோளாறு என்று ஒதுக்கியிருந்தால் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்? 1941-லேயே கனடாவின் ஆண்ட்ரூ மெக்கெல்லர், விண்மீன்களுக்கு நடுவிலுள்ள சயனோஜன் மூலக்கூறுகளைக் கொண்டு அங்குள்ள வெப்பநிலை 2.3 கெல்வின் என்று கணித்திருந்தார். அதன் பொருள் அன்று விளங்கவில்லை. 1948-இல் ரால்ஃப் ஆல்ஃபரும் ராபர்ட் ஹெர்மனும் அந்தப் பேரொளியின் மிச்ச வெப்பநிலை சுமார் 5 கெல்வின் இருக்கும் என்று எழுதினார்கள். தேடிப் பார்க்க ஆளில்லை. விடை ஓரிடத்தில், கேள்வி வேறிடத்தில். ஆக, விடாப்பிடி மட்டும் போதும் என்று சொல்ல முடியவில்லை.

மிஞ்சுவதெல்லாம் பிரபஞ்ச ரகசியமா, பெரும்பாலும் வெறும் அழுக்குத்தானே என்று கேட்கலாம். உண்மைதான். ஒவ்வொன்றின் பின்னாலும் ஓடினால் எந்த வேலையும் முடியாது. ஆனால் பென்சியாஸும் வில்சனும் செய்தது வெறும் துரத்தல் அல்ல. தம் கைக்கு எட்டிய காரணங்களை ஒவ்வொன்றாக நீக்கினார்கள். அதற்குமேல் மிஞ்சியதை மறைக்காமல், மிகைப்படுத்தாமல், 1965-இல் ஒரு சிறு குறிப்பாக வெளியிட்டார்கள். அந்த நேர்மைதான் அடுத்தவரின் கேள்விக்கு இடம் கொடுத்தது. விண்மீன் மண்டலங்களின் சுழற்சியிலும், 1998-இல் தொலைதூர சூப்பர்நோவாக்களின் மங்கலிலும் கணக்கு இப்படித்தான் இடித்தது. நாம் அறிந்த பொருள் பிரபஞ்சத்தில் 5 சதவீதம்தான், மற்றதெல்லாம் கரும்பொருளும் கரும் ஆற்றலும் என்ற முடிவுக்கு அந்த இடிப்புகளே வழிகாட்டின.

வாழ்க்கையிலும் எவ்வளவு துடைத்தாலும் போகாத ஒரு நெருடல் இருக்கிறது. அது நம் குறையா, நமக்கு இன்னும் புரியாத உண்மையா? அதைப் பிரித்தறிய ஒரு விதியை இந்த வரலாற்றிலிருந்து எடுக்கப் பார்த்தேன், கிடைக்கவில்லை. எதுவரை துடைப்பது, எப்போது நிறுத்திவிட்டு எழுதிவைப்பது என்பது எனக்கு இன்னும் தெளிவாகவில்லை.