வாசிப்புக்கு ஜாமீன்

பொது நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்துப்போக வரும் சிறுவனிடமோ சிறுமியிடமோ அப்பா அல்லது அம்மாவின் கையெழுத்தைக் கேட்பது நமக்கு ஒரு பிரச்னையாகவே தோன்றுவதில்லை. பள்ளி ரிப்போர்ட் கார்டில் கேட்பதுபோல், பஸ் பாஸ் படிவத்தில் கேட்பதுபோல், இங்கும் கேட்கிறார்கள். வாங்கி வந்தால் ஆயிற்று. ஆனால் இவ்வளவு சாதாரணமாகக் கேட்கப்படும் அந்தக் கையெழுத்து எதற்கு உத்தரவாதம் என்று சற்று நிறுத்திக் கேட்டால் பதில் இரண்டாகப் பிரிகிறது. புத்தகம் தொலைந்தால் பணம் கட்டுகிறேன் என்பது ஒன்று. என் குழந்தை இதைப் படிக்கச் சம்மதிக்கிறேன் என்பது மற்றொன்று. முதலாவது ஒரு பொருளைப் பற்றியது. இரண்டாவது ஒரு மனத்தைப் பற்றியது. ஒரே கோட்டின் மேல் ஒரே கையெழுத்தால் இரண்டும் தீர்ந்துபோகின்றன. இந்தக் குழப்பத்தை ஆராயாமல் விடுவதில் பெரியவர்களாகிய நமக்குச் சௌகரியம் இருக்கிறது. அந்தச் சௌகரியத்துக்கு விலை கொடுப்பவர்கள் யார் என்பதே இங்கு பார்க்கவேண்டிய விஷயம்.

கையெழுத்தின் பூர்வீகம் அறிவுலகத்தைச் சேர்ந்ததல்ல. 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் மைனருக்கு ஒப்பந்தம் செய்துகொள்ளும் தகுதி இல்லை என்கிறது. கல்கத்தாவில் வட்டிக்குக் கடன் கொடுப்பவர் ஒருவரிடம் சொத்தை அடமானம் வைத்த ஒரு மைனரின் வழக்கில், 1903இல் பிரிவி கவுன்சில் அத்தகைய ஒப்பந்தம் அடியோடு செல்லாது என்று தீர்ப்பளித்தது. மைனரை வட்டிக்காரரிடமிருந்து காப்பாற்றும் ஏற்பாடு இது. இதே தர்க்கம் நூலக மேஜைக்கு வரும்போது தலைகீழாகிவிடுகிறது. இரவல் கொடுப்பதும் ஒரு ஒப்பந்தம். மைனரை அதில் கட்டமுடியாது. ஆகவே கட்டுப்படக்கூடிய ஒரு பெரியவர் பின்னால் நிற்கவேண்டும். சிறுவனைக் காப்பாற்ற வந்த விதி புத்தகத்தைச் சிறுவனிடமிருந்து காப்பாற்றும் விதியாக மாறி நிற்கிறது. இதில் யாருடைய துவேஷமும் இல்லை. கணக்கில் குறையும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் பதில் சொல்லவேண்டிய நூலகரின் நிலைமையிலிருந்து பார்த்தால் இது நியாயமாகவும் இருக்கிறது.

ஆனால் பொது நூலகம் என்ற ஸ்தாபனம் தனி ஒப்பந்தங்களின் மேல் கட்டப்பட்டதல்ல. எஸ். ஆர். ரங்கநாதனின் உழைப்பும், அப்போது கல்வி மந்திரியாக இருந்த அவினாசிலிங்கம் செட்டியாரின் ஆதரவும் சேர்ந்து 1948இல் சென்னை பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் இவ்வகையில் அதுவே முதல் சட்டம். அதன் உயிர்நாடி நூலக வரி. வீட்டு வரியோடு சேர்த்து வசூலாகும் இந்தத் தொகை இன்று ரூபாய்க்கு 10 காசு. வீடு உள்ளவர்தானே கட்டுகிறார் என்று நினைக்கலாம். வீட்டுக்காரர் தன் வரியை வாடகையில் சேர்க்காமல் விடுவதில்லை. ஆகவே ஒற்றை அறையில் குடியிருக்கும் குடும்பமும் மாதாமாதம் நூலகத்துக்குக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது, ரசீதில் பெயர் இல்லாமல். ரசீதில் பெயர் இருப்பவருக்குப் பிணை நிற்கும் தகுதி வருகிறது. கொடுத்தும் பெயர் இல்லாதவருக்கு அது வருவதில்லை.

நம் கிளை நூலகம் எதற்குள்ளும் இரண்டு தர்மங்கள் அருகருகே இருப்பதைக் கவனிக்கலாம். வாசக சாலைப் பக்கம் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. தினசரிகளும் வாரப் பத்திரிகைகளும் கிடக்கும் நீள மேஜையில் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும் வேலை தேடும் இளைஞனுக்கும் பள்ளி விட்டு வந்த பையனுக்கும் ஒரே பெஞ்சு. அதே கட்டடத்தில் நாலு தப்படி தள்ளி, இரவல் கொடுக்கும் மேஜைக்கு முன்னால், காப்புத்தொகை, முகவரி, கையெழுத்து என்று மனிதன் பிரிக்கப்படுகிறான். உட்கார்ந்து படிப்பதற்குத் தேவைப்படாத சம்மதம் எடுத்துப்போய்ப் படிப்பதற்குத் தேவைப்படுகிறது என்றால், அது படிப்பதற்கான சம்மதம் அல்ல என்பது தெளிவு. அது புத்தகத்துக்கான ஜாமீன். ஆனால் வீட்டில் அதை யாரும் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. “நான் கையெழுத்துப் போட்டால்தானே நீ படிக்க முடியும்” என்ற அதிகாரம் ஜாமீனின் நிழலில் வளர்ந்துவிடுகிறது.

இது எங்கும் இருக்கும் நிலைமைதான். இதன் முழு அர்த்தம் தெரியவேண்டுமானால் ஓசூர் போன்ற ஓர் இடத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். 1956இல் மொழிவாரியாக மாநிலங்கள் பிரிந்தபோது சென்னை ராஜ்யத்தின் பக்கம் நின்ற ஊர் அது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் தெருவுக்குத் தெரு மாறும் வட்டாரம். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980களில் லாரியும் மொபெட்டும் கைக்கடிகாரமும் இங்கிருந்து போக ஆரம்பித்தன. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று; 2019இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. தொழிற்சாலைகளுக்கும் ரோஜாத் தோட்டங்களுக்கும் கிரானைட் குவாரிகளுக்கும் வேலைக்கு வந்தவர்கள் தருமபுரியிலிருந்தும் சேலத்திலிருந்தும் மட்டும் வந்தவர்களல்ல. ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் இன்று அங்கே குடும்பமாக இருக்கிறார்கள். ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகம். அத்திப்பள்ளிக்கும் பொம்மசந்திராவுக்கும் ஷிஃப்டுக்குப் போய்வருகிறவர்கள் இந்தப் பக்கம் வாடகைக்கு இருக்கிறார்கள். அட்டையில் ஒரு மாநிலம், வேலை ஒரு மாநிலத்தில், தூக்கம் ஒரு மாநிலத்தில்.

இப்படிப்பட்ட குடும்பத்துக் குழந்தை படிவத்தோடு வீட்டுக்குப் போகிறது. அப்பா இரவு ஷிஃப்டு. அம்மாவுக்குத் தெலுங்கு பேச வரும், தமிழ் எழுத்துத் தெரியாது. படிவத்தை யார் படித்துச் சொல்வது? குழந்தைதான். எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று விரலால் காட்டுவதும் குழந்தைதான். எதற்குச் சம்மதம் கேட்கப்படுகிறது என்பதைச் சம்மதிக்கவேண்டியவருக்கு விளக்கி, அவர் சார்பில் புரிந்துகொண்டு, அவருடைய கையை நடத்தித் தருகிற அந்தக் குழந்தையைத்தான் தகுதி இல்லாத மைனர் என்கிறோம். இந்த வீடுகளில் ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் வங்கியிலும் குழந்தையே குடும்பத்தின் வாசகன். குடும்பத்துக்காகப் படிக்கும்போது அதன் திறனை யாரும் சந்தேகிப்பதில்லை. தனக்காகப் படிக்க வரும்போதுதான் வயது கேட்கப்படுகிறது.

இதில் இன்னொரு முரணும் இருக்கிறது. 2006ஆம் வருஷத்துத் தமிழ் கற்றல் சட்டம் பள்ளிகளில் முதல் வகுப்பிலிருந்து தமிழைக் கட்டாயமாக்கியது. சட்டத்தின் நியாய அநியாயம் வேறு விவாதம். ஓசூர் வட்டாரத்துத் தெலுங்கு, கன்னட, உருதுக் குடும்பங்களுக்கு அதுபற்றி வலுவான அபிப்பிராயங்கள் உண்டு. இங்கு நமக்குத் தேவையானது ஒன்றுதான். எழுத்தைக் கற்பிக்கையில் அரசு பெற்றோரின் கையெழுத்தைக் கேட்கவில்லை. கற்ற எழுத்தில் ஒரு கதைப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோகையில் கேட்கிறது. கட்டாயத்துக்குச் சம்மதம் வேண்டாம், சந்தோஷத்துக்கு வேண்டும் என்றாகிறது.

பெற்றோரின் அதிகாரம் என்பது வெறும் கற்பனை என்று சொல்லிவிட முடியாது. குழந்தையை அறிந்தவர்கள் அவர்கள். விளைவுகளை அனுபவிக்கப்போகிறவர்களும் அவர்கள். ஆனால் அந்த அதிகாரம் எல்லை இல்லாதது என்று நம் சட்டங்களே ஒப்புக்கொள்ளவில்லை. பதினாலு வயதுக்குட்பட்டவனைத் தொழிற்சாலைக்கு அனுப்பத் தகப்பன் சம்மதித்தாலும் அது குற்றம். பதினெட்டு நிறையாத பெண்ணுக்குத் தாய் தகப்பன் மனமொப்பிக் கல்யாணம் செய்துவைத்தாலும், 2006ஆம் வருஷத்துச் சட்டம் அந்தச் சம்மதத்தை மதிப்பதில்லை. அதைச் செய்வித்தவர்களையே தண்டிக்கிறது. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்து மலைக் கிராமங்களில் இது ஏட்டுச் சட்டமாக மட்டும் இருக்கக்கூடாது என்ற போராட்டம் இன்னும் முடியவில்லை. 2002இல் அரசியல் சட்டத்தில் சேர்ந்த திருத்தம் ஆறு முதல் பதினாலு வயதுவரை குழந்தைக்குக் கல்வி வாய்ப்புத் தருவதைப் பெற்றோரின் கடமை என்றே சொல்கிறது. ஆக, குழந்தையைக் குறுக்குகிற இடங்களில் பெற்றோரின் சம்மதம் செல்லாது என்றும், விரிக்கிற இடத்தில் மறுப்பதற்கு உரிமை இல்லை என்றும் கொள்கை அளவில் ஏற்கனவே தீர்மானித்துவிட்டோம். படிப்பு இதில் எந்தப் பக்கம் என்று கேட்பதுகூட அதிகம். 1989ஆம் வருஷத்துக் குழந்தைகள் உரிமை உடன்படிக்கை குழந்தைக்குத் தகவலைத் தேடிப்பெறும் உரிமை உண்டு என்கிறது. பெற்றோரின் வழிகாட்டல் குழந்தையின் வளரும் திறனுக்கு ஏற்றதாக இருக்கவேண்டும் என்கிறது. இந்தியா அதை 1992இல் ஏற்றுக்கொண்டது.

கையெழுத்து ஜாமீனாக இருப்பதிலிருந்து முழுக்க அனுமதியாக மாறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் கிடைக்கிறது. ஐடஹோ மாநிலத்தில் 2024இல் வந்த சட்டம் மைனர்களுக்குத் தீங்கானவை என்று கருதப்படும் புத்தகங்களைப் பெரியவர்களுக்கான தனிப் பகுதிக்கு மாற்றும்படி நூலகங்களைக் கட்டாயப்படுத்தியது. மாற்றாவிட்டால் வழக்குத் தொடரலாம். டானலி என்ற சிற்றூரின் நூலகத்தில் தனிப் பகுதிக்கு இடமே இல்லை. ஆகவே நூலகம் முழுவதையும் பெரியவர்களுக்கானதாக அறிவித்து, பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் பெற்றோரோடோ கையெழுத்திட்ட படிவத்தோடோதான் உள்ளே வரலாம் என்று வைத்தார்கள். எந்தப் புத்தகம் தீங்கானது என்ற கேள்விக்குப் பதிலே தேவைப்படவில்லை, கதவு போதுமானதாயிற்று. நம் கிளை நூலகங்களிலும் ஒற்றை அறைக் கட்டடங்கள் ஏராளம். அவற்றில் குழந்தையும் பெரியவரும் ஒரே அலமாரிக்கு முன்னால் நிற்பது வறுமையின் அடையாளம் என்று நினைக்கிறோம். அது ஒரு சுதந்திரமும்கூட என்பது டானலியைப் பார்த்தால் புரிகிறது.

கம்ப்யூட்டருக்கும் செல்போனுக்கும் வயதும் சம்மதமும் கேட்கிறார்களே, புத்தகத்துக்கு மட்டும் ஏன் கூடாது என்று கேட்கலாம். இந்தியாவின் 2023ஆம் வருஷத்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் தகவல்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. குழந்தைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. இங்கே சம்மதம் கம்பெனியின் கையைப் பிடிக்க வந்தது. திரை தன்னைப் பார்க்கும் குழந்தையைத் திரும்பப் பார்க்கிறது, குறித்துவைக்கிறது. அச்சிட்ட புத்தகம் எவரையும் பார்ப்பதில்லை. எத்தனாம் பக்கத்தில் குழந்தை நின்றது, எதைத் திரும்பப் படித்தது என்று அதற்குத் தெரியாது. நூலகத்தில் இதுவரை குழந்தையின் வாசிப்பைக் கண்காணிக்கக்கூடிய ஒரே கருவி அந்தப் படிவமும் அதன் வழியாக வரும் பெற்றோருமாகவே இருந்திருக்கிறார்கள்.

அப்படியானால் தொலையும் புத்தகத்துக்கு யார் பொறுப்பு? நியூயார்க் பொது நூலகத்தில் 1906இலிருந்து குழந்தைகள் பிரிவை நடத்திய ஆன் கரோல் மூர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். தன் பெயரை எழுதத் தெரிந்த குழந்தை, புத்தகங்களைப் பத்திரமாக வைத்துக்கொள்வேன், நூலக விதிகளுக்குக் கட்டுப்படுவேன் என்ற உறுதிமொழிக்குக் கீழே, பெரிய பதிவேட்டில் தானே கையெழுத்துப் போடும். சட்டப்படி அந்தக் கையெழுத்துக்கு மதிப்பில்லை. கோர்ட்டில் காட்டி ஒரு காசு வசூலிக்க முடியாது. ஆனால் தன் வாக்கை ஒரு பொது ஸ்தாபனம் வாங்கி வைத்துக்கொண்டது என்ற அனுபவம் அந்தக் குழந்தைக்குக் கிடைக்கிறது. பொறுப்பைக் கற்றபின் சுதந்திரம் தருவோம் என்கிறவர்கள், கொடுக்கப்படாத ஒன்றைப் பற்றிய பொறுப்பை எப்படிக் கற்பது என்று சொல்வதில்லை.

சில புத்தகங்கள் தொலையத்தான் செய்யும். ஒப்பந்தம் முடிந்து இரவோடிரவாக ஊர் மாறும் குடும்பத்தோடு ஒன்றிரண்டு ஒடிசாவுக்கோ அனந்தபூருக்கோ போகும். அந்த நஷ்டத்துக்கு ஏற்கனவே வாடகையில் வரி கட்டியாயிற்று. அதை எழுதித் தள்ளும் அதிகாரத்தை நூலகருக்குக் கொடுத்துவிட்டால், சிறுவர் படிவத்தில் பெற்றோருக்கான கோட்டை எடுத்துவிடுவதில் வேறு தடை இருப்பதாகத் தெரியவில்லை. பெற்றோருக்கு மிஞ்சுவது சிறியதல்ல: இது வேண்டாம் என்று சொல்லலாம், ஏன் என்று சொல்லலாம், குழந்தை பதில் சொன்னால் கேட்கலாம். எழுத்தறியாத தாய் குழந்தையைப் படித்துக்காட்டச் சொல்லலாம். அது வீட்டுக்குள் நடக்கவேண்டிய பேச்சு. நூலக மேஜையில் வைத்துக் கேட்கவேண்டியது குழந்தையின் பெயரையும், எந்தப் புத்தகம் வேண்டும் என்பதையும்தான்.