பன்றி ஏறாத வண்டி

காய்கறி மார்க்கெட் வாசலில் நிற்குமே, குட்டி யானை... அதன் டிரைவரிடம் போய், ‘‘அண்ணே, இதுல ரேஸ் கார் இன்ஜின் மாட்டித் தர்றேன். ஆனா, இனிமே நாலு மூட்டைக்கு மேல ஏத்தக்கூடாது’’ என்று சொல்லிப் பாருங்கள். உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். ‘‘அப்புறம் எதுக்கு சார் அந்த வண்டி?’’ என்பார்.

நியாயமான கேள்வி. ஆனால், அப்படி ஒரு வண்டியை அமெரிக்காவில் நிஜமாகவே செய்து விற்றிருக்கிறார்கள்.

1991-ல் ஜி.எம்.சி. கம்பெனி ‘சைக்ளோன்’ என்று ஒரு சின்ன பிக்கப் டிரக்கைக் கொண்டுவந்தது. டர்போ பொருத்திய ஆறு சிலிண்டர் இன்ஜின். 280 குதிரைத்திறன். அந்த ஆண்டு செப்டம்பர் இதழுக்காக ‘கார் அண்ட் டிரைவர்’ பத்திரிகை இதையும் ஒரு ஃபெராரி 348-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஓடவிட்டது. கால் மைல் தூரம். ஜெயித்தது டிரக்! ரொம்ப தூரம் ஓடவிட்டால் ஃபெராரி முந்திவிடும் என்பது வேறு விஷயம். ஆனால், சைக்ளோனின் விலை ஃபெராரியின் விலையில் நாலில் ஒரு பங்குகூட இல்லை.

சரி, அந்த டிரக் எவ்வளவு சுமக்கும்? 500 பவுண்டு. அதாவது, 227 கிலோ.

நான் பி.காம். படித்தவன். இப்படி இரண்டு எண்ணைப் பார்த்தால் உடனே வகுத்துப் பார்க்கிற கெட்ட பழக்கம் உண்டு. 2005-ல் வந்த முதல் டாடா ஏஸுக்கு 16 குதிரைத்திறன். முக்கால் டன் சுமக்கும். ஆக, நம் குட்டி யானையில் ஒரு குதிரையின் தலையில் 47 கிலோ. சைக்ளோனில் ஒரு குதிரையின் தலையில் 800 கிராம்!

ஏதோ ஒரு இன்ஜினீயருக்குக் கிறுக்குப் பிடித்து நடந்த காரியம் என்று நினைத்துவிடாதீர்கள். 1993-ல் ஃபோர்டு ‘லைட்னிங்’ என்று ஒரு வேக டிரக்கை விட்டது. 2004-ல் டாட்ஜ் கம்பெனி, தன் ‘வைப்பர்’ ஸ்போர்ட்ஸ் காரின் பத்து சிலிண்டர் இன்ஜினைக் கழற்றி பிக்கப்பில் வைத்து, மணிக்கு 248 கிலோமீட்டர் ஓட்டி உலக சாதனை என்றது. 2006-ல் ஆஸ்திரேலியாவின் ‘மலூ’ 271 கிலோமீட்டர் ஓடி அதை முறியடித்தது. 2021 மாடலாக வந்த ராம் டி.ஆர்.எக்ஸ். 702 குதிரைத்திறன். தக்காளிக் கூடையை மணிக்கு 271 கிலோமீட்டர் வேகத்தில் கொண்டுபோனால் போய்ச் சேருவது தக்காளி இல்லை, சட்னி. அப்படியும் வாங்குகிறார்கள்.

ஏன்?

கேலி செய்வது சுலபம். கொஞ்சம் அவர்கள் பக்கமிருந்தும் பார்ப்போம். ஃபெராரி என்பது பணக்கார வீட்டுப் பிள்ளை. பிக்கப் என்பது வேலைக்காரன். கொத்தனாரும் தச்சரும் விவசாயியும் ஓட்டுகிற வண்டி. சிக்னலில் இரண்டும் பக்கத்தில் நிற்கின்றன. பச்சை விழுகிறது. வேலைக்காரன் முந்துகிறான்! அந்த ஒரு நொடி சந்தோஷம் நமக்குப் புரியாததா என்ன? பண்ணையார் வீட்டுக் காளையை வேலைக்காரன் அடக்கும்போது தியேட்டரில் விசில் அடித்தவர்கள்தானே நாம்? ‘என்னைச் சுமை தூக்குகிறவன் என்று மட்டும் நினைக்காதே’ என்று ஒரு வண்டி சொல்கிறது. அதில் ஒரு மானம் இருக்கிறது. மறுக்கமாட்டேன்.

ஆனால், அந்த வண்டிக்குப் பின்னால் திறந்த தொட்டி ஒன்று இருக்கிறதே... அதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது.

பொறியியல் கணக்குப்படி அந்தத் தொட்டி வேகத்துக்கு எதிரி. இன்ஜின் முன்னால் கனமாக உட்கார்ந்திருக்கிறது. பின்னால் காலி. பின்சக்கரத்தின் மேல் எடை இல்லாததால் அழுத்தி மிதித்தால் சக்கரம் தரையைப் பிடிக்காமல் அதே இடத்தில் சுற்றும். சைக்ளோனில் நாலு சக்கரத்துக்கும் விசை கொடுத்தது அதனால்தான். பனி பெய்யும் ஊர்களில் சாதாரண பிக்கப் வைத்திருப்பவர்களே வண்டி வழுக்காமல் இருக்க, தொட்டியில் மணல் மூட்டைகளைப் போட்டுக்கொள்வார்கள். சரக்கு ஏற்ற ஒரு இடம், ஏற்ற சரக்கு இல்லை, அதனால் மணல்!

வேகம்தான் வேண்டுமென்றால் தொட்டியே இல்லாத ஒரு காரை வாங்கலாமே?

இதற்கு விடை எனக்கு ஹூஸ்டனிலிருந்து வந்தது. கல்லூரியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். அங்கே கணக்குத் தணிக்கைதான் தொழில். ஒரு நாள் போனில், பெரிய வேக பிக்கப் ஒன்று வாங்கிவிட்டதாகச் சொன்னான்.

‘‘எதுக்குடா உனக்கு அது? ஆபீஸ்ல ஃபைல் ஏத்தவா?’’

‘‘இல்லடா... வீட்டுக்கு ஏதாச்சும் பெரிய சாமான் வாங்கினா நாமளே ஏத்திட்டு வந்துரலாம் பாரு. யூஸ்ஃபுல்லா இருக்கும்.’’

‘‘வாங்கி எவ்ளோ நாளாச்சு?’’

‘‘ரெண்டு வருஷம்.’’

‘‘எத்தனை தடவை ஏத்தினே?’’

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. ‘‘ஒரு தடவை... மெத்தை வாங்கினோம்’’ என்றான்.

போன் ஸ்பீக்கரில் இருந்திருக்கிறது. பின்னாலிருந்து அவன் மனைவியின் குரல்: ‘‘அந்த மெத்தையையும் கடைக்காரங்களே கொண்டு வந்து குடுத்துட்டாங்க, அண்ணா!’’

மூன்று பேரும் சிரித்தோம். ஆனால், போனை வைத்த பிறகு ஒன்று உறைத்தது. அவன் பொய் சொல்லவில்லை. ‘யூஸ்ஃபுல்’ என்று அவன் மனசார நம்பியிருக்கிறான். ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருந்தால், ‘எனக்கு ஆசை’ என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அப்பா ரேஷன் கடை வரிசையில் நின்று வளர்த்த பிள்ளைக்கு அது கஷ்டம். டிரக் என்றால் அந்தக் கஷ்டம் இல்லை. அது கருவி. கருவி வாங்கியவனை யார் குறை சொல்வார்கள்? அந்தத் தொட்டியில் சாமான் ஏறவில்லை. அவனுடைய சமாதானம் ஏறியது.

அமெரிக்கச் சட்டமே இந்த சமாதானத்துக்கு இடம் கொடுத்திருக்கிறது. 1978-ல் டாட்ஜ் கம்பெனியின் ‘லிட்டில் ரெட் எக்ஸ்பிரஸ்’ என்ற சிவப்பு டிரக், அந்த ஆண்டின் அமெரிக்க கார்களையெல்லாம் தோற்கடித்து நூறு மைல் வேகத்தை முதலில் தொட்டது. காரணம், கார்களுக்கு இருந்த புகைக் கட்டுப்பாடு அந்த எடைப் பிரிவு டிரக்குகளுக்கு இல்லை. ‘பாவம், உழைக்கிற வண்டி’ என்று விட்டுவைத்த சலுகையில் ஒரு ரேஸ் வண்டி நுழைந்துகொண்டது. வரியிலும் இதே கதைதான். தொழிலுக்காக வாங்கும் காருக்குத் தேய்மானம் கழிக்க உச்சவரம்பு உண்டு. 6,000 பவுண்டுக்கு மேல் எடைத் தகுதியுள்ள வண்டிக்கு அந்த வரம்பு பொருந்தாது. இதைப் பயன்படுத்திப் பலர் பிரமாண்டமான ஜீப் வகை வண்டிகளை வாங்கித் தள்ள, 2004-ல் அவற்றுக்கு ஒரு கடிவாளம் போட்டார்கள். அப்போதும் ஆறடிக்குக் குறையாத தொட்டி உள்ள பிக்கப் தப்பித்துக்கொண்டது. ஆறடித் தொட்டி இருந்தால் நீ உழைப்பாளி!

தொட்டியில் என்ன இருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

இந்தக் கதை எங்கே ஆரம்பித்தது தெரியுமா? ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாகாணத்தின் கிப்ஸ்லாந்து பகுதியில். 1930-களின் தொடக்கம். உலகமே பஞ்சத்தில் கிடந்த காலம். ஒரு விவசாயியின் மனைவி ஃபோர்டு கம்பெனிக்குக் கடிதம் எழுதினாராம். காரும் டிரக்கும் தனித்தனியாக வாங்க வசதியில்லை. ஞாயிற்றுக்கிழமை மழையில் நனையாமல் மாதா கோயிலுக்குப் போகவும், திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்கு ஏற்றிச் செல்லவும் ஒரே வண்டியாகச் செய்து தர முடியுமா என்று. கீலாங் தொழிற்சாலையில் லூயிஸ் பாண்ட் என்ற இளம் வடிவமைப்பாளரிடம் அந்த வேலை போனது. முன்பாதி கார், பின்பாதி தொட்டி. 1934-ல் விற்பனைக்கு வந்தது. ஆஸ்திரேலியர்கள் செல்லமாக ‘யூட்’ என்றார்கள். 271 கிலோமீட்டர் வேகத்தில் பறந்த மலூ, அந்த அம்மாவின் வண்டிக்குப் பேரன்.

அந்தக் கடிதத்தில் எனக்குப் பிடித்தது, அவர் பன்றியை மட்டும் காட்டி வண்டி கேட்கவில்லை என்பதுதான். ‘ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு முக்கியம்’ என்று வெளிப்படையாகக் கேட்டார். நல்ல புடவை நனையக்கூடாது என்ற ஆசையையும், பன்றி சந்தைக்குப் போக வேண்டிய தேவையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். ஒன்றின் முதுகில் இன்னொன்றை ஒளித்துவைக்கவில்லை. பேரன் காலத்தில் ஞாயிறு மட்டும் மிஞ்சியது. பன்றி போய்விட்டது. ஆனால், பன்றியின் பெயரைச் சொல்லித்தான் இன்னமும் வண்டி வாங்குகிறார்கள்.

கணக்குப் பதிவியலில் முதல் வருஷமே ஒரு பாடம் சொல்லித்தருவார்கள். மளிகைக் கடைக்காரர் தன் கடையிலிருந்து ஒரு மூட்டை அரிசியை வீட்டுக்கு எடுத்துப் போகிறார். தப்பா? இல்லை. கடை அவருடையது. ஆனால், அதைக் கடைச் செலவு என்று எழுதக்கூடாது. ‘எடுப்பு’ என்று தனியாக எழுத வேண்டும். இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவர்களுக்கு ‘டிராயிங்ஸ்’. முதலாளி தனக்காக எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். அதில் எந்த அவமானமும் இல்லை.

வாழ்க்கைக்கும் அப்படி ஒரு எடுப்புக் கணக்கு வேண்டும் என்று தோன்றுகிறது. ஆசைப்படுவது தப்பில்லை. ஆசையைத் தேவைக் கணக்கில் எழுதுவதுதான் வம்பு. எழுதினால் என்ன குடிமுழுகிவிடும் என்கிறீர்களா?

ஒன்று, அளவு தெரியாமல் போகும். ஆசைக்கு ‘போதும்’ என்று சொல்லலாம். தேவைக்கு யார் போதும் என்று சொல்வது? 280 குதிரை 500 ஆகி, 702 ஆன கதை அதுதான். இரண்டு, அனுபவிக்கவும் முடியாது. மெத்தை ஏற்ற வாங்கிய வண்டியை, சும்மா ஓட்டி மகிழ்வதற்குக்கூட ஒரு சாக்கு தேட வேண்டியிருக்கும். மூன்றாவதுதான் முக்கியம். பில் வேறு யார் தலையிலாவது விழும். கிட்டத்தட்ட மூன்று டன் எடையும் உயர்ந்த முகப்பும் கொண்ட வண்டி தெருவில் வருகிறது. முகப்பு 40 அங்குலத்துக்கு மேல் இருந்தால், தாழ்ந்து சரிந்த முகப்புள்ள வண்டிகளைவிட, மோதும்போது பாதசாரி உயிரிழக்கும் வாய்ப்பு சுமார் 45 சதவிகிதம் அதிகம் என்று அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 2023-ல் கண்டுபிடித்துச் சொன்னது. நிஜமாகவே செங்கல் ஏற்றுகிறவருக்கு அந்த வண்டி தேவை என்றால், சமூகம் அந்த ஆபத்தை யோசித்துப் பொறுத்துக்கொள்ளலாம். என் ஆசைக்காக, எதிரே நடந்து வருகிற குழந்தை ஏன் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்? ‘இது ஆசைதான்’ என்று ஒப்புக்கொண்டால் மட்டுமே இந்தக் கேள்வி காதில் விழும். ‘யூஸ்ஃபுல்’ என்ற சத்தத்தில் விழாது.

போன மாதம் நண்பன் மறுபடி கூப்பிட்டான். பேச்சுவாக்கில், ‘‘வண்டி எப்படிடா இருக்கு?’’ என்றேன்.

‘‘நல்லா ஓடுது. எனக்குப் பிடிச்சிருந்துச்சு, வாங்கினேன். அவ்ளோதான்டா’’ என்றான். பிறகு அவனே, ‘‘ஆனா, இதைக் குடுத்துட்டு கொஞ்சம் சின்னதா, தாழ்வா ஒரு ஸ்போர்ட்ஸ் கார் பாக்கலாமான்னு யோசனை... ஸ்கூல் இருக்கிற தெரு பாரு’’ என்றான்.

கணக்கைத் தலைப்பு மாற்றி எழுதியதும், தொகை தானாகவே கொஞ்சம் இறங்கிவிட்டது.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஷோகேஸிலும் ‘யூஸ்ஃபுல்’ என்று வாங்கி வைத்த சாமான்களை இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை பாருங்கள். தூக்கிப்போட வேண்டாம். எத்தனை பொருளுக்கு ‘எடுப்பு’ என்று பெயர் மாற்ற வேண்டியிருக்கும் என்று மட்டும் எண்ணுங்கள்.

நான் எண்ணிவிட்டேன். எண்ணிக்கையை மட்டும் கேட்காதீர்கள்!