முத்துக்கு வில்லங்கம் பார்த்தீர்களா?



இன்று நாம் கேட்ட நற்செய்தி மிகச் சிறியது. மத்தேயு 13ஆம் அதிகாரத்தில் மூன்றே வசனங்கள். ஒருவர் நிலத்தில் புதையலைக் காண்கிறார். இன்னொருவர் நல்முத்து தேடி அலைகிற வணிகர். இரண்டு பேரும் தங்களுக்கு உள்ளதையெல்லாம் விற்று, விரும்பியதை வாங்கிவிடுகிறார்கள். அத்தோடு கதை முடிகிறது. முத்தை வாங்கியவர் வீட்டுக்குப் போனதும் என்ன நடந்தது, ஊர் என்ன பேசியது என்றெல்லாம் ஆண்டவர் சொல்லவில்லை.

அந்த முத்து வணிகரைப் போல ஒருவர் இரண்டு மாதங்களுக்கு முன் பங்கு இல்லத்துக்கு வந்தார். இந்தப் பக்கத்துக்காரர்தான். பெயரைச் சொல்லாமல் சொல்லுங்கள் சாமி என்று அவரே கேட்டுக்கொண்டதால் சொல்கிறேன். வளைகுடாவில் 16 வருடம் எலெக்ட்ரீஷியன் வேலை பார்த்தவர். போன முதல் வருடமே, அங்கே மேனேஜர் கையில் ஒரு ரோலக்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து ஆசை. வீட்டுக்குப் பணம் அனுப்பினார், தங்கைக்குக் கல்யாணம் செய்தார், பிள்ளைகளைப் படிக்கவைத்தார், வீடு கட்டினார். ஆசை மட்டும் அப்படியே இருந்தது. ஊர் திரும்பிய பிறகு, சென்னையில் பழைய கடிகாரம் வாங்கி விற்கிற ஒரு கடையில், யாரோ கட்டிக் கழற்றிய ஒன்றை வாங்கிவிட்டார். புதிது வாங்க இப்போதும் வசதியில்லை. இதற்கும் கடன் வாங்கவில்லை, சிறுகச் சிறுகச் சேர்த்த பணம்.

பச்சைப் பெட்டியைத் திறந்து மேசைமேல் வைத்தார். "சாமி, மந்திரிச்சுக் கொடுங்க" என்றார். கொஞ்சம் பொறுத்து, தயங்கித் தயங்கி, "இது பாவமா சாமி?" என்று கேட்டார்.

அழகான கடிகாரம். டேட்ஜஸ்ட் என்கிற வகை. 1945இல் முதலில் வந்தது. முகப்பில் ஒரு சின்ன சன்னல், அதில் தேதி தானாக மாறும். சாவி கொடுக்க வேண்டியதில்லை. கட்டியிருப்பவரின் கை அசைய அசைய உள்ளே ஓர் அரைவட்டத் தகடு சுழன்று வில்லை முறுக்குகிறது. கழற்றி வைத்தால் இரண்டு மூன்று நாளில் நின்றுவிடும். முன்னால் கட்டியிருந்தவரின் கீறல்கள் சங்கிலியில் இருந்தன. அவற்றையும் அவர் ஆசையாகத் தடவிக் காட்டினார்.

பாவம் என்று நான் சொல்லவில்லை. இன்றும் சொல்லமாட்டேன். உழைத்துச் சேர்த்த காசில், அழகாகச் செய்த ஒரு பொருளை வாங்கி ஒருவர் மகிழ்வதைக் கடவுள் முகம் சுளித்துப் பார்ப்பதில்லை. புதையலைக் கண்டவர் மகிழ்ச்சியோடு போய் விற்றார் என்றுதான் நற்செய்தியும் சொல்கிறது. 16 வருடம் காத்திருக்கத் தெரிந்த மனிதரை நான் மதிக்கிறேன். இன்றைக்குப் பார்த்ததை இன்றைக்கே மாதத் தவணையில் வாங்கி, நாளைக்கு வேறொன்றுக்கு ஏங்குகிற காலத்தில், ஒரே ஆசையை இவ்வளவு நாள் தாங்கியவர் அவர்.

நான் கேட்டது வேறு. "வில்லங்கம் பார்த்தீர்களா?" என்று கேட்டேன்.

நிலம் வாங்கியவர்களுக்கு இந்தச் சொல் தெரியும். எலவனாசூர்கோட்டையில் கால் ஏக்கர் கொல்லி வாங்கினாலும், தாய்ப்பத்திரம் எங்கே, யார் பெயரில் பட்டா, அடமானம் ஏதும் உண்டா என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுப்போமா? அவரும் அந்த அர்த்தத்தில்தான் எடுத்துக்கொண்டார். கம்பெனி அட்டை இருக்கிறது, பில் இருக்கிறது, கடிகாரத்தில் பொறித்த எண்ணும் அட்டையில் உள்ள எண்ணும் ஒத்துப்போகின்றன, திருட்டுச் சரக்கு இல்லை என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். சரிதான். ஏழாம் கட்டளையைக் காப்பாற்ற விரும்புகிறவர் அப்படித்தான் பார்க்க வேண்டும். பழைய பொருள் வாங்குகிறவர் அது யார் கையிலிருந்து வந்தது என்று கேட்கக் கடமைப்பட்டவர்.

எனக்கு அது ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். என் அப்பாவிடம் ஓர் எச்.எம்.டி. இருந்தது. தினமும் காலையில் சாவி கொடுக்கிற வாட்ச். கல்யாணத்தில் மாமனார் வீட்டில் போட்டது. ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு கைகோத்து 1961இல் பெங்களூரில் நம் அரசாங்கம் தொடங்கிய தொழிற்சாலையில் செய்தது. அந்தத் தலைமுறையில் மாப்பிள்ளை என்றால் மோதிரமும் எச்.எம்.டி.யும்தான். நான் குருமடத்தில் சேர்ந்த வருடம் அது அடகுக் கடைக்குப் போனது. திரும்பவில்லை. வட்டி கட்ட முடியாமல் மூழ்கிப்போனது. அதற்குப் பிறகும் நேரம் பார்க்க வேண்டும்போது அப்பா வெறும் மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பார். அந்தக் கடிகாரத்தையும் யாரோ ஒருவர் ஆசைப்பட்டு வாங்கியிருப்பார். அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் கைமாறி வருகிற ஒவ்வொரு பொருளும் ஒரு வீட்டைவிட்டு வெளியேறித்தான் வருகிறது. நற்செய்தியில் வருகிற முத்தும் அப்படித்தான். வணிகர் வாங்கினார் என்றால், விற்றவர் ஒருவர் இருந்தார்.

காந்தியடிகளிடம் ஒரு ஜெனித் பைக் கடிகாரம் இருந்தது. இந்திரா காந்தி கொடுத்தது. இடுப்பில் தொங்கவிட்டிருப்பார். 1947இல் ஒரு ரயில் பயணத்தில் யாரோ அதைத் திருடிவிட்டார்கள். சில மாதங்கள் கழித்து, எடுத்தவரே வந்து திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டார். 2009 மார்ச்சில் அந்தக் கடிகாரம் அவருடைய மூக்குக் கண்ணாடி, செருப்பு, தட்டு, கிண்ணத்தோடு நியூயார்க்கில் 18 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. ஏலத்தில் எடுத்தவர் பெயர் உலகத்துக்கே தெரியும். திருப்பிக் கொடுத்தவர் பெயர் நமக்குத் தெரியாது. என் மனம் அந்தப் பெயர் தெரியாதவர் பக்கம்தான் போகிறது. அந்தக் கடிகாரத்தின் வில்லங்கத்தைத் தீர்த்தவர் அவர்.

இப்போது நம்மவருக்கு வருகிறேன். காகிதங்களையெல்லாம் காட்டி முடித்தார். "கடிகாரத்தில் வில்லங்கம் இல்லை. அதை வாங்கிய பணத்தில்?" என்று கேட்டேன். முத்து வணிகர் தனக்கு உள்ளதையெல்லாம் விற்றார் என்கிறாரே ஆண்டவர், அந்த இடத்தில் நாம் நிற்பதே இல்லை. தனக்கு உள்ளதை. அடுத்தவருக்கு உள்ளதை அல்ல. மனைவியின் தாலிச்சங்கிலியை அடகு வைத்து வாங்கியது அல்ல, தம்பியின் பங்கை அமுக்கி வாங்கியது அல்ல. சக்கேயு இயேசுவை வீட்டில் வரவேற்ற அன்று, யாரையாவது ஏமாற்றியிருந்தால் நான்கு மடங்கு திருப்பிக் கொடுக்கிறேன் என்றார். விருந்து வைத்த கையோடு கணக்கையும் முடித்த மனிதர்.

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். வீடு கட்டும்போது கல்வராயன் மலையிலிருந்து நான்கு பேர் வந்து கடைக்கால் தோண்டினார்கள். ஒன்பது நாள் வேலை. கூலியை மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டார். மேஸ்திரி பணத்தோடு போய்விட்டார். நான்கு பேரும் இரண்டு முறை வந்து வாசலில் நின்றிருக்கிறார்கள். "நான் கொடுத்துட்டேனே சாமி, அது என் கடன் இல்லையே" என்றார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. அவர் ஒரு முறை கொடுத்துவிட்டார். ஆனாலும், கூலியாளின் கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிடு, அவன் அதை நம்பித்தான் இருக்கிறான் என்கிறது இணைச்சட்ட நூல். கொடுக்கப்படாத கூலி கூக்குரலிடுகிறது, அது ஆண்டவரின் காதில் விழுகிறது என்கிறார் யாக்கோபு. மேஸ்திரியிடம் கொடுத்தாயா, நேரில் கொடுத்தாயா என்று இருவரும் பிரித்துப் பார்க்கவில்லை. குழி தோண்டியவர் கையில் காசு விழுந்ததா என்பதுதான் அங்கே கேள்வி. "உங்கள் வீடு நிற்கிற கடைக்காலில் நான்கு பேரின் ஒன்பது நாள் கிடக்கிறது" என்றேன். கடிகாரத்தை மந்திரிக்காமலே எடுத்துக்கொண்டு போனார். கோபத்தோடுதான் போனார்.

மூன்று வாரம் கழித்துக் கள்ளக்குறிச்சியில் பஸ் மாறி, கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் போயிருக்கிறார். விசாரித்து விசாரித்து மூன்று பேரைக் கண்டுபிடித்துக் கூலியைக் கொடுத்தார். நான்காமவர் இறந்துவிட்டிருந்தார். அவர் மனைவிக்கு இப்படியொரு பாக்கி இருப்பதே தெரியாது. பணத்தை வாங்கிக்கொண்டு அந்த அம்மா கேட்டது ஒரே கேள்விதானாம்: "இது எந்த வருசத்துப் பணம்?"

திரும்பி வந்து என்னிடம் அதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் எழவில்லை. அன்று மாலைத் திருப்பலிக்குப் பிறகு பீடத்தின் முன்னால் வைத்துக் கடிகாரத்தை மந்திரித்துக் கொடுத்தேன். மனநிறைவோடு கட்டிக்கொண்டார். நானும் மகிழ்ந்தேன்.

ரோலக்ஸ் கம்பெனியைத் தொடங்கிய ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப் சிறுவயதிலேயே தாய் தந்தையை இழந்தவர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியச் சிறைமுகாம்களில் அடைபட்டிருந்த பிரிட்டிஷ் வீரர்கள் கடிதம் எழுதிக் கடிகாரம் கேட்டபோது, போர் முடியும்வரை பணத்தைப் பற்றி நினைக்கவே வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவைத்தார். முள்வேலிக்குள் இருப்பவர் பிழைத்து வந்து கடனைத் தீர்ப்பார் என்று நம்பினார். கிளைவ் நட்டிங் என்ற போர்க்கைதி, முகாமில் செருப்புத் தைத்தவர், அப்படி ஒன்றைப் பெற்றுப் போருக்குப் பின் பணம் கட்டினார். கைதியை நம்பி ஒருவர் பொருளைக் கொடுத்தார். நம் ஊரிலும் அப்படி நம்புகிறவர்கள் உண்டு. மரவள்ளி பிடுங்க வருகிறவர்கள், கரும்பு வெட்ட வருகிறவர்கள், மக்காச்சோளம் உடைக்க வருகிறவர்கள், கரும்புப் பணம் வரட்டும், சோளம் விலை போகட்டும் என்று நாம் சொன்னதை நம்பிக் காத்திருக்கிறார்கள்.

இன்னும் சிறிது நேரத்தில் காணிக்கை எடுப்போம். யாருக்காவது கூலி பாக்கி வைத்திருப்பவர்கள் இன்று தட்டில் ஒன்றும் போட வேண்டாம். கையில் கொண்டுவந்த பணத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். திருப்பலி முடிந்ததும் நேரே அந்த வீட்டுக்குப் போய், பொழுது சாய்வதற்குள் அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். கோயிலுக்கான காணிக்கையை அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாங்கிக்கொள்கிறேன்.