தியத்தலாவை: காவலும் அறமும்

தென்னாப்பிரிக்காவில் பிரித்தானியரை எதிர்த்துப் போரிட்டுச் சிறைப்பட்டு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட ஏறத்தாழ 5,000 போயர்களுள் (டச்சு வழிவந்த குடியேறிகளுள்) பெரும்பாலோரை அடைத்துவைக்க, பதுளை மாவட்டத்துத் தியத்தலாவையில் 1900இல் முகாம் அமைக்கப்பட்டது. பிரித்தானியரை எதிர்த்தெழுந்த 1817-18 ஊவாக் கிளர்ச்சி கொடுமையாக அடக்கப்பட்ட அதே ஊவா மாகாணத்தில், பிறர் விடுதலையைப் பறித்த அவ்வூர், இன்று இளம் அதிகாரிகளைப் பயிற்றும் இலங்கை இராணுவக் கழகத்தின் இருப்பிடமாக விளங்குகிறது.

படைபலம் அறத்தோடு இயையுமா என்னும் வினாவை இவ்வரலாறு எழுப்புகிறது. திருக்குறள் அறத்துப்பாலில் இன்னாசெய்யாமையையும், அதாவது எவர்க்கும் தீங்கிழைக்காமையையும், பொருட்பாலில் படைமாட்சியையும் ஒருங்கே வைத்திருப்பதால், அந்நூல் விலக்குவது படையையன்று, தீங்கிழைக்கும் நெஞ்சத்தையே எனக் கொள்ளலாம்.

ஆயினும், தியத்தலாவையில் பயிலும் படை காப்பது யாரை என்னும் வினா எஞ்சுகிறது. அவ்வூரைச் சூழ்ந்த மலைகளில் தேயிலை வளர்த்த இந்திய வம்சாவளித் தமிழருள் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றோராக்கியது. அடுத்த ஆண்டிலேயே இலங்கை இராணுவம் நிறுவப்பட்டது. தன் மண்ணில் உழைப்போரை அயலாராக எண்ணும் அரசின் காவல், எத்துணை ஒழுங்குடையதாயினும், அறமாகாது. ஆதலின் ஆயுதப் பயிற்சியோடு, அயலிலுள்ள லயன் குடியிருப்புகளில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) வாழ்வோரும் காக்கப்படவேண்டிய சமமான குடிமக்களே என்னும் தெளிவும் அந்த இராணுவக் கழகத்தில் கற்பிக்கப்படவேண்டும்.